பிராண்டே சகோதரிகள் யாரிடமிருந்து மறைந்துகொண்டார்கள்?

கார்த்திகைப்பூ (கேள்வி)

வணக்கம். சாலி வெயின்ரைட் எழுதி இயக்கி, 2016 டிசம்பர் இறுதியில் பிபிசி ஒளிபரப்பிய ‘டு வாக் இன்விசிபிள்’ என்ற இரண்டு மணி நேரத் தொலைக்காட்சிப் படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்து முடித்தேன். ஆங்கில எழுத்தாளர்களான ஷார்லட், எமிலி, ஆன் என்ற பிராண்டே சகோதரிகள் மூவரும் தங்கள் முதல் நூல்களை வெளியிட்ட காலமே கதை. 1845 கோடையில் சகோதரர் பிரான்வெல் வேலையிழந்து வீடு திரும்புவதை ஒட்டித் தொடங்கி, 1848இல் அவருடைய மறைவு வரை அது செல்கிறது. யார்க்‌ஷயரில் ஹாவொர்த் ஊரில் அவர்கள் வாழ்ந்த குருமனையை (பாதிரியார் இல்லத்தை), ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் புதிதாகக் கட்டி எழுப்பிப் படமாக்கியிருக்கிறார்கள். தெருச் சேறும், மெழுகுவத்தி வெளிச்சமும், எழுதுவதற்கு அவர்கள் கூடும் அந்தச் சாப்பாட்டு அறையும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

(பெயரைத் தமிழில் ‘பிராண்டி’ என்று எழுதுவோரும் உண்டு. பிரான்வெல்லின் குடிப்பழக்கத்தை நினைத்தால் அந்த எழுத்துக்கூட்டலும் பொருந்தத்தான் செய்கிறது. ஆயினும் பாதிரியாரான தந்தையை மதித்து நான் ‘பிராண்டே’ என்றே எழுதுகிறேன்.)

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது புனைபெயரைப் பற்றியது. பெண்கள் நூல் வெளியிடக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 1811இல் ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்ற குறிப்புடன்தான் வந்தது. மரியா எட்ஜ்வொர்த் தம் சொந்தப் பெயரிலேயே எழுதிப் புகழும் பொருளும் ஈட்டினார். அதற்கும் ஒரு தலைமுறை பின்னால் வந்த இவர்கள் ஏன் கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள்? யாரிடமிருந்து மறைய வேண்டியிருந்தது?

இரண்டாவது படத்தைப் பற்றியது. ஏறத்தாழப் பாதி நேரம் பிரான்வெல்லின் குடிக்கும் கடனுக்கும் கூச்சலுக்கும் போய்விடுகிறது. பெண் எழுத்தாளர்களின் கதையைச் சொல்ல வந்த படம் ஓர் ஆணின் வீழ்ச்சிக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டுமா?

பழைய நூலகர்

உங்கள் முதல் கேள்விக்கு ஷார்லட்டே விடை எழுதி வைத்திருக்கிறார். தங்கைகள் இருவரும் மறைந்த பின், 1850இல் அவர்களுடைய நூல்களை மறுபதிப்புச் செய்தபோது முன்னால் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பில், பெண் எழுத்தாளர்கள் முன்முடிவோடு பார்க்கப்படுகிறார்கள் என்ற தெளிவற்ற ஓர் எண்ணம் தங்களுக்கு இருந்ததாகச் சொல்கிறார். அத்தோடு அவர் நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. விமர்சகர்கள் தண்டிக்க நினைத்தால் எழுதியவர் பெண் என்பதை ஆயுதமாக எடுக்கிறார்கள், பாராட்ட நினைத்தால் உண்மையான பாராட்டுக்குப் பதிலாக முகத்துதி செய்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே அவர்கள் வசைக்கு அஞ்சியது எவ்வளவோ, ‘பெண் எழுதியதற்கு இது பரவாயில்லை’ என்ற சலுகைக்கு அஞ்சியதும் அவ்வளவே.

இந்த அச்சத்துக்கு முன்கதை உண்டு. 1836 டிசம்பரில், இருபது வயதில், ஷார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்குச் சொந்தப் பெயரில் அனுப்பிக் கருத்துக் கேட்டார். 1837 மார்ச்சில் வந்த பதிலில், இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று சதே எழுதியிருந்தார். கவிதை எழுதும் ஆற்றல் அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே கடிதத்தில்தான் இந்த அறிவுரையும் இருந்தது. ஷார்லட் அதைத் தூக்கி எறியவில்லை. தம் இருபத்தோராம் பிறந்த நாளில், என்றென்றும் வைத்துக்கொள்ள வேண்டிய அறிவுரை என்று அதன் மேல் குறித்து வைத்தார். பணிவா ஏளனமா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. அதே 1837 தொடக்கத்தில் பிரான்வெல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்குக் கவிதை அனுப்பினார், பதிலே வரவில்லை. எனவே பெரியவர்கள் ஆணுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பெண்ணுக்கு மூடினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எழுத்து உனக்குரிய வேலையே அல்ல என்ற பேச்சு பெண்ணுக்குத்தான் வந்தது.

புனைபெயர்களைத் தேர்ந்த விதமும் நுட்பமானது. முழு ஆண்பெயரைச் சூடிக்கொள்ள மனச்சாட்சி இடம் தரவில்லை என்கிறார் ஷார்லட். கரர், எல்லிஸ், ஆக்டன் என்பவை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் நிற்கும் பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதினால், ஒவ்வொன்றிலும் உண்மைப் பெயரின் முதலெழுத்து அப்படியே இருக்கிறது. தமிழில் எழுதும் மதிப்புரையாளர் ‘அவர்’ என்று ஒரே சொல்லில் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுவார். ஆங்கில மதிப்புரையாளருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் அவனா அவளா என்று தீர்மானித்தாக வேண்டும். அதனாலேயே 1847 அக்டோபரில் ஷார்லட்டின் ‘ஜேன் அயர்’ வெளிவந்த பின், நூலின் தரத்தைப் பற்றிய பேச்சுக்கு இணையாக எழுதியவரின் பாலினத்தைப் பற்றிய துப்பறிதலும் நடந்தது.

அந்தத் துப்பறிதலில் உச்சம் 1848 டிசம்பரில் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வில் வந்த கட்டுரை. சமையல் விவரங்களும் பெண்களின் உடைகளைப் பற்றிய விவரங்களும் பிழையாக இருப்பதால் இதை எழுதியவர் ஆண்தான் என்று வாதிட்டுவிட்டு, ஒருவேளை பெண்ணாக இருந்தால், தக்க காரணத்தால் பிற பெண்களின் சகவாசத்தை நெடுங்காலத்துக்கு முன்பே இழந்துவிட்ட ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு கட்டியது. அதை எழுதியவர் எலிசபெத் ரிக்பி என்ற பெண்மணி. அந்த இதழின் வழக்கப்படி அவருடைய பெயரும் அச்சிடப்படவில்லை! முகமூடி அணிந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முகமூடியைக் கிழிக்க முயன்ற இந்தக் காட்சி படத்தில் இல்லாதது எனக்குக் குறைதான். பிரான்வெல் செப்டம்பரிலேயே இறந்துவிட்டதால் கதை அங்கே முடிந்துவிடுகிறது.

படத்தின் தலைப்பும் இந்த மறைவைப் பற்றியதே. கண்ணுக்குத் தெரியாமல் நடமாட முடிவது எழுதுகிறவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்று தம் பதிப்பகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸுக்கு 1848 ஜனவரியில் ஷார்லட் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது அது. மறைவு முதலில் ஒரு கட்டாயமாக இருந்தாலும், பிறகு அதை அவர் அனுபவித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வைகைக்கரையாள்

நூலகர் ஐயா சொன்னது வெளியுலகத்தைப் பற்றியது. நான் வீட்டுக்குள் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கேட்டவரின் இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அவர்கள் முதலில் மறைந்தது லண்டன் விமர்சகர்களிடமிருந்து அல்ல. அடுத்த அறையில் இருந்த சகோதரரிடமிருந்தும் தந்தையிடமிருந்தும்தான்.

வளர்ந்த விதத்தைப் பாருங்கள். பிரான்வெல்லைத் தந்தை பேட்ரிக் வீட்டிலேயே வைத்து லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பெண்கள் பின்னாளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்க வேண்டியவர்கள் என்று, பாதிரியார்களின் மகள்களுக்கான மலிவான விடுதிப் பள்ளிக்கு 1824இல், கடைக்குட்டி ஆன் தவிர, அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து நோயோடு திரும்பிய மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் 1825இல் பதினொரு வயதிலும் பத்து வயதிலும் இறந்தார்கள். பேட்ரிக் கொடுமைக்காரர் அல்லர். அயர்லாந்தின் எளிய குடும்பத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை படித்து வந்தவர். மகள்கள் எந்த நூலை வாசிப்பதையும் தடுக்காதவர். படத்தில் ஜோனதன் பிரைஸ் அவரைப் பார்வை மங்கிய, அன்பும் இயலாமையும் கலந்த கிழவராக நடித்திருப்பது, ஷார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல் தம் நூலில் காட்டிய கோபக்காரரைவிட எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. ஆனால் அந்த வீட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் ஒரே மகன் மீது இருந்தது என்பதில் ஐயமில்லை.

1826இல் பேட்ரிக் வாங்கி வந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களும் மகனுக்கான பரிசுதான். அதிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு பெயர் சூட்டி விளையாடியதில்தான் அவர்களுடைய கற்பனை நாடுகள் பிறந்தன. உள்ளங்கையில் அடங்கும் நூல்களை அவர்கள் எழுதத் தொடங்கியதும் அதன் பிறகே. எழுத்து அங்கே நால்வருக்கும் பொதுவாகவே தொடங்கியது. அச்சில் முதலில் வந்தவரும் பிரான்வெல்தான். 1841இல் ‘ஹாலிஃபாக்ஸ் கார்டியன்’ இதழில், தாம் படைத்த ஒரு பாத்திரத்தின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு கவிதை வெளியிட்டார். அவருக்குப் புனைபெயர் அணிகலன். சகோதரிகளுக்கு அது போர்வை.

இனிப் பிரான்வெல்லின் காட்சிகளுக்கு வருகிறேன். ஓவியராகும் திட்டம் நிறைவேறவில்லை. ரயில் நிலையத்தில் எழுத்தர் வேலை, கணக்கில் பணம் குறைந்ததால் 1842இல் போனது. தங்கை ஆன் வேலை பார்த்த தோர்ப் கிரீன் வீட்டிலேயே அவருக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது; எஜமானியுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் அதுவும் 1845 ஜூலையில் பறிபோனது. அதன் பின் வீட்டில் ஓயாத குடி, அபின், கடன்காரர்கள். அவர் தமக்கோ வீட்டுக்கோ தீங்கு செய்துவிடக் கூடாதென்று தந்தை அவரைத் தம் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டார். வெளியே வேலைக்குப் போக விரும்பாத சகோதரிகள் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தலாமென்று 1844இல் விளம்பரத் தாள் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாணவிகூடச் சேரவில்லை. இப்போது இப்படி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு யார் தம் மகளை அனுப்புவார்கள்?

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதப்பட்டது. சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே, முன்னால் ஜெர்மன் மொழிப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தவர் எமிலி. இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு மூவரும் சாப்பாட்டு அறையில் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, அன்று எழுதியதைப் பேசுவார்கள். படம் பிரான்வெல்லுக்குக் கொடுத்த ஒவ்வொரு நிமிடமும் இவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிமிடம் என்று பார்த்தால், அந்தக் காட்சிகள் வேறு கதையாகத் தோன்றாது. பெண் எழுத்தாளருக்குத் தடை என்றால் யாரோ ஒரு முரட்டு மனிதர் பேனாவைப் பிடுங்குவதையே நாம் திரையில் எதிர்பார்க்கிறோம். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடக் காத்திருப்பதும் தடைதான்.

பிரான்வெல் இறந்த பின் ஷார்லட் எழுதிய கடிதத்தில், சகோதரிகள் ஒரு வரி அச்சிட்டதுகூட அவருக்குக் கடைசி வரை தெரியாது என்றும், தாம் வீணாக்கிய காலத்தை எண்ணி அவர் வருந்துவார் என்பதால் சொல்லவில்லை என்றும் குறிப்பிடுகிறார். தந்தைக்கும் ‘ஜேன் அயர்’ வெற்றி பெற்ற பிறகே சொல்லப்பட்டது. கரர் பெல் எங்கே குடியிருக்கிறார் என்று தபால்காரர் ஒருமுறை பேட்ரிக்கிடமே கேட்க, அப்படி யாரும் இந்தத் திருச்சபை வட்டாரத்தில் இல்லை என்று அவர் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார். அதை ஷார்லட் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் மனத்தடைகளைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் பேரேட்டைத் திறக்கிறேன்.

1841இல் ஷார்லட் ஒரு வீட்டில் ஆசிரியையாக இருந்தபோது ஆண்டுச் சம்பளம் 20 பவுன். அதில் துணி துவைக்கும் செலவுக்கென்று 4 பவுன் பிடித்துக்கொண்டார்கள். கையில் வந்தது 16. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1845 இலையுதிர்காலத்தில் எமிலியின் கவிதைக் குறிப்பேட்டை ஷார்லட் அனுமதியில்லாமல் எடுத்துப் படிக்கிறார். எமிலியின் கோபம் அடங்கவே பல மணி நேரம் ஆயிற்று, வெளியிடச் சம்மதிக்க வைக்கப் பல நாள்கள் ஆயின. மூவர் கவிதைகளையும் சேர்த்து 1846 மே மாதம் லண்டனின் எய்லட் அண்டு ஜோன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. செலவு முழுவதும் ஆசிரியர்களுடையது. தொடக்கத்திலேயே 31 பவுன் 10 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. அதாவது கையில் வரும் ஆசிரியைச் சம்பளக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஓராண்டில் விற்றவை இரண்டு பிரதிகள். மிஞ்சியவற்றில் சிலவற்றை வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன் போன்றோருக்கு அன்பளிப்பாக அனுப்பி, இரண்டுதான் விற்றன என்பதை வேடிக்கையாகவே எழுதினார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். தாயார் 1821இல் இறந்த பின் குழந்தைகளை வளர்த்த, பென்சான்ஸிலிருந்து வந்த பெரியம்மா எலிசபெத் பிரான்வெல் 1842இல் இறந்தபோது, தம் சேமிப்பைச் சகோதரி மகள்களுக்கே எழுதி வைத்தார். பிரான்வெல்லுக்குப் பணம் எதுவும் வைக்கவில்லை. சகோதரிகள் அதில் ரயில்வே பங்குகள் வாங்கியிருந்தார்கள். திருமணமாகாத ஒரு பெண்ணின் சிக்கனம்தான் அந்த முதல் நூலை அச்சேற்றியது. படத்தில் இந்தப் பெரியம்மாவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து நாவல்கள். ஷார்லட் எழுதிய ‘தி ப்ரொஃபெசர்’ ஒவ்வொரு பதிப்பகமாகச் சென்று திரும்பியது. முந்தைய பதிப்பகத்தின் முகவரியை அடித்துவிட்டு அதே உறையிலேயே அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்; எத்தனை பேர் வேண்டாமென்றார்கள் என்பது பெறுகிறவருக்குத் தெரிந்துவிடும் என்ற உலகியல் அறிவு அப்போது அவருக்கு இல்லை. தொழில் தெரிந்த ஒருவரிடம் கேட்கவும் வழியில்லாத தொலைவில் இருந்தார்கள் என்பதையே இது காட்டுகிறது. எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’, ஆனின் ‘அக்னஸ் கிரே’ இரண்டையும் ஏற்ற நியூபி என்ற பதிப்பாளர் அதற்காக 50 பவுன் வாங்கிக்கொண்டார்; கையெழுத்துப் படிகளை வைத்துக்கொண்டு காலம் கடத்தி, ‘ஜேன் அயர்’ ஓடத் தொடங்கிய பிறகே 1847 டிசம்பரில் அச்சுப் பிழைகளோடு வெளியிட்டார். அந்த 50 பவுன் திரும்பவில்லை. ஷார்லட்டுக்கு வாய்த்தது ஸ்மித் எல்டர் நிறுவனம். ‘ஜேன் அயர்’ பதிப்புரிமைக்கு முதலில் 100 பவுன் கொடுத்தார்கள். ஆசிரியைச் சம்பளத்தில் அது ஐந்தாண்டு.

புனைபெயரின் விலையும் இங்கேதான் தெரியவந்தது. பெல்கள் மூவரும் ஒருவரே என்று நம்பும்படி, ஆனின் இரண்டாம் நாவலை நியூபி அமெரிக்கப் பதிப்பாளரிடம் பேசி முடித்தார். அடுத்த கரர் பெல் நூலைத் தருவதாக வேறொரு அமெரிக்க நிறுவனத்துக்கு வாக்களித்திருந்த ஸ்மித் எல்டர், விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 1848 ஜூலையில் ஷார்லட்டும் ஆனும் மழையில் கீத்லி நிலையம் வரை நடந்து, லீட்ஸ் சென்று, இரவு ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். கார்ன்ஹில் 65ஆம் எண் அலுவலகத்தில், கரர் பெல்லுக்குத் தாம் எழுதிய கடிதம் இந்தச் சிறிய உருவம் கொண்ட பெண்ணின் கையில் எப்படி வந்தது என்று ஜார்ஜ் ஸ்மித் கேட்க, தபாலில் வந்தது, எனக்குத்தானே எழுதியிருந்தீர்கள் என்றார் ஷார்லட். படத்தில் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன். அன்று இரவே ஸ்மித் அவர்களை இசைநாடகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவர்கள் ‘பிரவுன் சகோதரிகள்’ என்ற மூன்றாவது பெயரில் அறிமுகமானார்கள். ஊருக்குத் திரும்பினால், எல்லிஸ் பெல்லும் ஒரு பெண்தான் என்று வெளிப்படுத்திவிட்டதற்காக எமிலியின் கோபம் காத்திருந்தது.

கேட்டவர் சட்டம் தடுக்கவில்லை என்றார். திருமணமாகாத பெண்ணைத் தடுக்கவில்லை என்பதே சரி. திருமணமானால் மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது. மனைவியின் பெயரில் தனி ஒப்பந்தமும் செல்லாது. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே இது மாறியது. எழுதுவதற்குத் தடை இல்லை, எழுதிச் சம்பாதித்ததை வைத்துக்கொள்ளத்தான் தடை. 1854இல் ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணக்கும் முன்பு, தம் நூல்களால் வந்த பணத்தை ஒரு பொறுப்பாளரின் பெயரில் கட்டி வைத்து ஷார்லட் உடன்படிக்கை எழுதியதும் இதை அறிந்துதான்.

கார்த்திகைப்பூ

மூவருக்கும் நன்றி. வைகைக்கரையாள் அம்மா சொன்ன கோணத்தில் அந்தக் குடிக் காட்சிகளை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்று கேட்கிறேன். படத்தில் ஆன் எப்போதும் அமைதியாக, இருவருக்கும் நடுவே சமாதானம் பேசுபவராகவே வருகிறார். ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ இரண்டையும் வாசித்திருக்கிறேன். ஆன் எழுதியது எதையும் தொட்டதில்லை. அவரைப் பற்றி நாம் இவ்வளவு குறைவாகப் பேசுவதற்குக் காரணம் என்ன?

மழைக்காலம்

ஆன் பற்றிக் கேட்டதற்காகவே எழுதுகிறேன். மூவரில் அஞ்சாதவர் அவர்தான் என்பது என் கட்சி.

1848 ஜூனில் வெளிவந்த அவருடைய இரண்டாம் நாவல் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’. குடிகாரக் கணவனைவிட்டுச் சிறு மகனோடு வெளியேறி, பெயரை மாற்றிக்கொண்டு, ஓவியம் வரைந்து விற்றுப் பிழைக்கும் ஹெலன் என்ற பெண்ணின் கதை. கணக்குப்பிள்ளை சொன்ன சட்டத்தை நினைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு பக்கமும் அச்சமூட்டும். அந்த ஓவியங்களின் வருமானம் சட்டப்படி கணவனுடையது, மகனும் கணவனுடையவன். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி ஒரு தாய் நீதிமன்றத்தில் வேண்டலாம் என்பதே 1839இல்தான் சட்டமாயிற்று. கதையோ அதற்கு முந்தைய 1820களில் நடக்கிறது. ஓவியத்தில் பொய்யான முதலெழுத்துகளையும் பொய்யான ஊர்ப்பெயரையும் எழுதித்தான் ஹெலன் விற்க வேண்டியிருக்கிறது. ஆக்டன் பெல் என்ற போர்வைக்குள் இருந்தவர் தம் நிலையையே அங்கே எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. குடியைப் பற்றிய பகுதிகளுக்கு மாதிரி தேடி அவர் தொலைவில் போக வேண்டியிருக்கவில்லை.

முரட்டு நூல், கொச்சையான நூல் என்று மதிப்புரைகள் எழுந்தன. லண்டனிலிருந்து திரும்பிய அதே ஜூலை மாதத்தில், இரண்டாம் பதிப்புக்கு ஆன் எழுதிய முன்னுரை பதிலாக அமைந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டல்ல, நாவல்கள் எல்லாம் ஆண் பெண் இருபாலாரும் படிப்பதற்காகவே எழுதப்படுகின்றன அல்லது எழுதப்பட வேண்டும், பெண்ணுக்கு இழுக்கு என்று சொல்லப்படும் ஒன்றை ஓர் ஆண் எப்படி எழுதலாம் என்றும், ஆணுக்குத் தகும் என்பதை எழுதியதற்காக ஒரு பெண் ஏன் கண்டிக்கப்பட வேண்டும் என்றும் தமக்கு விளங்கவில்லை என்றார். ஷார்லட் 1850இல் விளக்கம்தான் தந்தார். ஆன் 1848லேயே கேள்வி கேட்டுவிட்டார்.

பிறகு நடந்தது வருத்தமானது. ஆன் 1849 மே 28 அன்று ஸ்கார்பரோவில் காசநோயால் இறந்தார். 1850இல் தங்கைகளின் நூல்களை மறுபதிப்புச் செய்யும் பேச்சு வந்தபோது, கதைப்பொருளைத் தேர்ந்ததே முழுத் தவறு என்று சொல்லி இந்த நாவலை மட்டும் ஷார்லட் சேர்க்கவிடவில்லை. விமர்சகர்களால் முடியாததைச் சொந்த அக்காவே செய்துவிட்டார். ஸ்கார்பரோக் கல்லறைக் கல்லிலும் அவருடைய வயது 29 என்பதற்குப் பதிலாக 28 என்றே இருந்தது.

பழைய நூலகர்

‘சொந்த அக்காவே’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1848 செப்டம்பர் 24இல் பிரான்வெல், டிசம்பர் 19இல் எமிலி, அடுத்த மே மாதம் ஆன் என்று, ஏறத்தாழ எட்டு மாதங்களில் மூவரையும் இழந்து, கிழத் தந்தையோடு தனித்து நின்றவர் ஷார்லட். மூவரும் சேர்ந்து சுற்றிய மேசையை அதன் பிறகு இரவில் அவர் தனியாகச் சுற்றி வந்ததை வீட்டுப் பணிப்பெண் மார்த்தா பின்னாளில் காஸ்கெல்லிடம் சொல்லியிருக்கிறார். செத்தவர்களைக் கொச்சையானவர்கள் என்று ஊர் பேசுவதைத் தடுக்க அவருக்குத் தெரிந்த வழி, உலகமறியாத கிராமத்துப் பெண்கள் என்று அவர்களை அறிமுகம் செய்வதும், அந்தச் சித்திரத்துக்குப் பொருந்தாத நூலை ஒதுக்குவதுமாகவே இருந்தது. இலக்கியத்துக்கு அது நட்டம்தான். ஆனால் அதைப் பொறாமை என்றோ அதிகாரம் என்றோ வாசிப்பது நியாயமன்று.

அவருக்கே புகழ் வந்த பின்பும் கட்டு அவிழவில்லை. 1850 ஜனவரியில் ‘எடின்பரோ ரிவ்யூ’வில் விமர்சகர் லூயிஸ் எழுதிய மதிப்புரை, ஷார்லட்டின் ‘ஷெர்லி’ நாவலைப் பேசுவதற்கு முன் பெண்களின் அறிவாற்றலைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் பேசியது. தம்மைப் பெண்ணாக எண்ணாமல் எழுத்தாளராக எண்ணி மதிப்பிடுங்கள் என்று முன்கூட்டியே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தவர் ஷார்லட். பகைவர்களிடமிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியும், நண்பர்களிடமிருந்து கடவுள்தான் காக்க வேண்டும் என்று லூயிஸுக்கு ஒரே வரியில் பதில் அனுப்பினார். திருமணத்துக்குப் பிறகோ, தோழி எலன் நஸிக்கு எழுதும் கடிதங்களை அவர் எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் கடிதங்களைத் தாம் பார்த்துத்தான் அனுப்ப முடியும் என்று கணவர் நிபந்தனை விதித்தார். எலன் எரிப்பதாக வாக்களித்துவிட்டு எரிக்கவில்லை. அந்த வாக்கு மீறப்பட்டிராவிட்டால் நாம் இங்கே பேசுவதற்கு இவ்வளவு செய்திகள் இருந்திருக்காது.

மழைக்காலம்

நூலகர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒதுக்கியதன் விளைவு மட்டும் இன்னும் தொடர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகைப்பூ அந்த நாவலை வாங்கப் போகிறார் என்றால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 1854இல் வந்த ஒரு மலிவுப் பதிப்பு, தொடக்கத்திலுள்ள கடிதத்தை நீக்கி, உள்ளேயும் பல இடங்களை வெட்டிவிட்டது. பிற்காலப் பதிப்புகள் பலவும் அந்த வெட்டுப்பட்ட பாடத்தையே பின்பற்றின. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிகளிலும் அது கலந்திருக்கிறது. கதை ஹால்ஃபர்டு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்கினால் முழு நூல். கடிதம் எதுவும் இல்லாமல் 1827ஆம் ஆண்டு இலையுதிர்காலத்துக்குத் தம்மோடு வரும்படி கதைசொல்லி நேரே அழைத்தால், அந்தப் பிரதியை வாங்காதீர்கள்.